முள் நிற்கும் நாள்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். அடுக்களை வாசற்படியில் மாமியார். அடுப்புக்கு முன்னால் மூத்த மருமகள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், கழுவிய பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி சின்ன மருமகள். அவளுடைய கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டின் கடைசிப் பெண், கல்யாணம் நிச்சயமானவள். முன்னறையில், பாதி திறந்த கதவுக்கு அப்பால், ஒரு தராசின் மேல் குனிந்திருந்த மாமனார். மூத்த மகன் உதிரிச் சாமான் வாங்கப் போயிருந்தான். சின்ன மகன் வெளியூர்ச் சந்தைகளில் இருந்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வேறு யாரும் அங்கே இல்லை. பார்த்தேன், கேட்டேன் என்று பிறகு சொன்னவர்கள் எல்லாரும் தாங்களாகச் சேர்ந்துகொண்டவர்கள்.

மாமியார் பின்கட்டில் துணி உலரும் கொடியைப் பார்த்தார். பிறகு சின்ன மருமகளைப் பார்த்தார்.

"கொடியில இந்த மாசம் உன் துணி ஒண்ணையும் காணலியே."

சின்னவள் பாத்திரத்தை இன்னும் இறுகப் பிடித்தாள். விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாதத்தில் விழுந்தது.

"நாள் தள்ளிப் போயிருக்கு அத்தை."

"எவ்வளவு நாளா?"

"பத்து நாளுக்கு மேல இருக்கும்."

"பத்து நாளா வாயில என்ன வச்சிருந்த?"

முன்னறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிய, மூத்தவள் அதை இறக்கவும் மறந்து நின்றாள்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தராசு பழுது பார்க்கும் குடும்பம். எந்தக் கடையின் எடைக்கல்லில் ஈயம் சுரண்டப்பட்டிருக்கிறது, எந்தத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறது என்று கையில் வாங்கிய மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள். பொய் எடைக்கு ஒருநாளும் துணை போனதில்லை. கடைத்தெருவில் இரண்டு பேருக்கு எடையில் சண்டை வந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அந்த மரியாதையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்கள் தராசைக் காத்தார்கள். பெண்கள் வேறொரு கணக்கைக் காத்தார்கள்.

புதிதாக வரும் ஒவ்வொரு மருமகளையும் முதல் வாரத்திலேயே மாமியார் சாமான் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்துவார். நகை நிறுக்கும் சின்னக் கைத்தராசு ஒன்று அங்கே ஆணியில் தொங்கும். அதை எடுத்து, வெறும் தட்டுகளோடு அவள் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். ஒரு தட்டு போன மாதத்து ரத்தம், மறு தட்டு வரப்போகிற மாதத்து ரத்தம். ரத்தம்தான் கருவைப் பிடித்துவைக்கும். அதனால் ரத்தம் முடிந்த கையோடும், வரப்போகிற சமயத்திலும் தள்ளிப் படுக்க வேண்டும். இரண்டுக்கும் நட்டநடுவில் முள் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கும். அந்த நாட்களில் ஒன்றும் தங்காது. பயமில்லாமல் புருஷனோடு இருக்கலாம். மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், அந்நியர் யாரும் நம் வீட்டுப் பெண்ணைத் தொட வேண்டாம். இதற்கு 'முள் நிற்கும் நாள்' என்று பெயர். மாமியாருக்கு இதைச் சொன்னது அவருடைய மாமியார். அவருக்குச் சொன்னது யாரோ.

தராசோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் இருக்க முடியாது. முள் நேராக நின்றால் அங்கே பாரம் இல்லை என்றுதான் அவர்கள் கைக்குத் தெரியும்.

ஆனாலும் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்த மருமகளுக்கு மட்டும் ஐந்து. "தராசுக்காரர் வீட்டுல எல்லாம் நிறுத்துத்தான் தருவாங்க, பிள்ளையை மட்டும் அள்ளித் தருவாங்க" என்று எதிர்ச் சாரி மளிகைக்காரர் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் ஒரே பதில்தான் சொல்லப்பட்டது. வீட்டு விதி தப்பாது, எண்ணியவள் தப்பாக எண்ணியிருக்கிறாள். எண்ணத் தெரியாதவள் என்பது மற்ற வீட்டில் சாதாரண வசவு. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

சின்னவளுக்கு இரண்டாவது பிரசவம் நல்லபடியாக நடக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவே இல்லை. மெத்தை நனைந்து கட்டில் கம்பி வழியாகத் தரைக்குச் சொட்டியது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மேலே எரிந்த விளக்கு சிறுத்துச் சிறுத்துக் கடுகளவு ஆனது. யாரோ தன் கன்னத்தில் அறைவது தெரிந்தது, வலி தெரியவில்லை. பிழைத்ததே பெரிய காரியம். இன்னொரு தடவை வயிற்றில் வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வீட்டுக்குப் போகும் முன் ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டு போங்கள் என்று பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமியார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டுல அதுக்கு வழி இருக்கு" என்றார். அடுத்த கட்டிலில் ஒரு பெண் அலறவே, சொல்ல வந்தவர்கள் அங்கே ஓடிவிட்டார்கள்.

மாமியார் கல்நெஞ்சக்காரர் அல்ல. மருமகளை அவர் காப்பாற்றத்தான் நினைத்தார். அதுவரை மகன் நினைத்தபோது வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். இனிமேல் தான் சொல்லும்போதுதான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். சந்தைகளின் வரிசையையே அதற்கேற்ப மாற்றி, முள் நிற்கும் நாட்களில் மட்டும் அவன் வீட்டில் தங்கும்படி செய்தார். மருமகளின் உயிரைத் தன் கையில் ஏந்திக்கொண்டிருப்பதாகவே அவர் நம்பினார். அதனால்தான் அன்று காலை அவருக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

"என் பிள்ளை வந்தது முள்ளு நிக்கிற நாள்ல. நான் சொல்லித்தான் வந்தான், நான் சொல்லித்தான் போனான். அந்த நாள்ல ஒண்ணும் தங்காது. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?"

கடைசிப் பெண், "அம்மா" என்றாள்.

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியல அத்தை," என்றாள் சின்னவள். "எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? செத்துப் போயிடுவோம்னா, இல்ல மாட்டிக்கிட்டோம்னா?"

முன்னறையில் அரம் மறுபடியும் தேயத் தொடங்கியது. மாமனாரிடமிருந்து வந்த பதில் அது மட்டும்தான்.

துவைகல்லருகே அன்று மூத்தவளும் சின்னவளும் சேர்ந்து துணி அலசினார்கள். மூத்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு புத்தி சொன்னாள். எண்ணியதில் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிவிடு, ஒரு வாரம் திட்டுவார்கள், தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள், அப்புறம் பழையபடி ஆகிவிடும் என்றாள். இந்தப் பழியை ஏற்றால் அந்தப் பழி வராது. தான் மூன்று தடவை அப்படித்தான் சொன்னதாகவும் சொன்னாள்.

"நான் தப்பா எண்ணலக்கா."

"அது எனக்குத் தெரியும்டி."

"எப்படித் தெரியும்?"

மூத்தவள் பிழிந்து முடித்த துணியையே மறுபடி எடுத்துப் பிழிந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை.

சின்னவளைப் பிடித்திருந்த பயம் ஒன்றல்ல. வயிற்றில் ஒன்று இருந்தால் மறுபடி அந்தக் கட்டில், அந்த விளக்கு. இந்தத் தடவை விளக்கு திரும்பிப் பெரிதாகாது. மூத்த குழந்தைக்கு இப்போதுதான் தானாகச் சட்டைப் பொத்தான் போட வந்திருக்கிறது. சின்னது இன்னும் பால்குடி. அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. இன்னொரு பயம் இதைவிட விசித்திரமானது. முள் நிற்கும் நாளில் ஒன்றும் தங்காது என்று அவளும் நம்பினாள். விதி உண்மை, தன் எண்ணிக்கையும் சரி என்றால் இது எப்படி வந்தது? அவள் தன் ஞாபகத்தையே துருவிப் பார்க்கத் தொடங்கினாள். பால்காரரிடம் சில்லறை வாங்கியபோது கை பட்டதா? காய்ச்சலில் மயங்கிக் கிடந்த மத்தியானம் வாசல் கதவு தாழிட்டிருந்ததா? தான் செய்யாத குற்றத்தைத் தனக்குள் தேடித் தேடி அவள் களைத்துப்போனாள். செய்யாததைச் செய்தோமோ என்று ஒரு பெண்ணை நினைக்கவைக்கும் வழக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது என்றால், அந்த வீடு எத்தனை தராசைச் சரிபார்த்து என்ன?

தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் விதி பிழைத்துக்கொள்ளும். விதி பிழைத்தால் அடுத்த மாதமும் அவள் அதன்படிதான் படுக்க வேண்டும்.

மத்தியானம் அவள் கணவனுக்குப் போன் செய்தாள். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். சந்தை இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. அவள் சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தை பக்கத்துலதான் இருக்காங்க. என் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

பின்னால் யாரோ விலை கேட்டார்கள்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். "நான் வந்து பேசறேன். இங்க ஆளுங்க நிக்கிறாங்க."

போன் அடங்கியது. சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். மாமியார் போனைக் கையில் எடுத்து, அணைந்த திரையைத் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தை, அதே சொற்களில், அவர் இதற்கு முன்பும் ஒரு தடவை கேட்டிருந்தார்.

"நாளைக்குக் கிளம்பு," என்றார். "டாக்டர்கிட்ட போவோம். எந்த நாள்ல தங்குச்சுன்னு அவங்க கணக்குப் பண்ணிச் சொல்லட்டும்."

சச்சரவுக்கு உள்ளான எடையை வேறொரு தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முறை. முறையை அவர் விடவில்லை. ஆனால் மறுநாள் காலை மருமகளைப் பின்வாசல் வழியாக, குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் சந்தின் வழியாக அழைத்துப்போனார். சந்துமுனை வீட்டுத் தையற்காரி ஜன்னலிலிருந்து அவர்களைப் பார்த்தாள்.

பெண்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறைச் சுவர் பாதி பச்சை, பாதி வெள்ளை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். மூலையில் ஏறி நின்று பார்க்கும் எடை இயந்திரம். சின்னவளை அதில் ஏறச் சொன்னார்கள். மாமியார் குனிந்து முள்ளைப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க மெஷின் கூடக் காட்டுது டாக்டர். ஆள் ஏறும் முன்னாடியே முள்ளு பூஜ்யத்துல இல்ல."

"அப்படியா? நான் வந்த நாள்லேருந்து அப்படித்தான் நிக்குது. அதுதான் சரின்னு நினைச்சேன்," என்றார் டாக்டரம்மா.

சிறுநீர் சோதித்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க ரத்தமும் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வெளி பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருந்தது. சின்னவளின் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மாமியார் அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார். அது கண்டிப்பா ஆறுதலா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. மாமியாருக்கும் தெரிந்திருக்காது.

மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். கர்ப்பம் இல்லை. உடம்பில் ரத்தம் குறைவு, பால் கொடுக்கும் உடம்பு, போதாததற்குக் கவலை வேறு. நாள் தள்ளிப்போக இவையே போதும் என்றார் டாக்டரம்மா.

சின்னவள் நாற்காலியில் சாய்ந்தாள். வாய் திறந்து மூச்சு விட்டாள். மாமியாரின் முகம் நேற்றுக் காலைக்குப் பிறகு முதல் தடவையாகத் தளர்ந்தது.

"நான் சொல்லல?" என்றார் மருமகளிடம். "முள்ளு நிக்கிற நாள்ல ஒண்ணும் தங்காது. எங்க கணக்கு தப்பாது டாக்டர்."

வயிறு காலியாக இருக்கிறது என்ற செய்தியே அந்த விதிக்குச் சாட்சியாக நின்றுவிட்டதைச் சின்னவள் அந்த நிமிஷத்தில் கண்டாள்.

என்ன கணக்கு என்று டாக்டரம்மா கேட்டார். மாமியார் பெருமையோடு சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"அம்மா, இதை யார் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது தலைகீழ். முட்டை வெளியே வர்றதே அந்த நடு நாள்லதான். அடுத்த மாதவிலக்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஏறக்குறைய. ஆணோட அணு உள்ள போயி அஞ்சு நாள்கூட உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். அதனால நடு நாளும், அதுக்கு முந்தின சில நாளும்தான் எல்லாத்தையும்விட ஆபத்து. நீங்க உங்க பிள்ளையைத் தேடிப் பிடிச்சு அந்த நாளுக்கே வரவழைச்சிருக்கீங்க."

சின்னவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாதவிலக்கு திரும்பி வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு மாதமும், பத்திரமான இடம் என்று நினைத்து அவள் போய்ப் படுத்தது பள்ளத்தின் விளிம்பில். ஒவ்வொரு தடவையும் விழாமல் எழுந்து வந்திருக்கிறாள். முடிவு தெரிவதற்கு முன் இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அப்படியானால் நடு நாளை விட்டுவிட்டு மற்ற நாளில் பயமில்லையா என்று அவள் கேட்டாள். அதையும் நம்ப முடியாது என்றார் டாக்டரம்மா. முட்டை வரும் நாள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காய்ச்சல், கவலை, பால் கொடுப்பது, ஊட்டச்சத்துக் குறைவு எல்லாம் அதை முன்னும் பின்னும் தள்ளும். இந்த மாதம் தள்ளிப்போனதே அதற்குச் சாட்சி. சிலருக்கு மாதவிலக்கு ஓடும்போது சேர்ந்தாலும் பிறகு கரு தங்கும். இன்னொன்று கூடாது என்று சொல்லப்பட்ட உடம்பை விரல்விட்டு எண்ணிக் காப்பாற்ற முடியாது. கர்ப்பப்பையில் வைக்கிற சாதனம் இருக்கிறது, பல வருஷம் தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். கைத் தோலுக்கடியில் வைப்பது இருக்கிறது. நிரந்தரமாக வேண்டுமானால் அறுவை இருக்கிறது. எதையும்விடச் சுலபமானது கணவன் செய்துகொள்வது.

"அவன் பாரம் தூக்கறவன் டாக்டர்," என்றார் மாமியார் பதறிப்போய்.

"தூக்கற கைக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

மாமியார் எழுந்து நின்றார். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்கள் இதைத்தான் கடைப்பிடித்தார்கள், தப்பு வந்தது எண்ணத் தெரியாதவர்களால்தான் என்று சொன்னார். குரலில் பழைய உறுதி இருந்தது. டாக்டரம்மா அவரோடு வாதாடவில்லை. மூலையிலிருந்த எடை இயந்திரத்தைக் காட்டினார்.

"நீங்கதானே சொன்னீங்க, முள்ளே சரியில்லைன்னு. இத்தனை வருஷமா இதுல ஏறினவங்க எல்லாருக்கும் தப்பான எடைதான் காட்டியிருக்கும். ஏறினவங்க மேல தப்பா?"

மாமியார் அந்த முள்ளைப் பார்த்தார். வரும் வழி முழுவதும் அவர் குனிந்தே நடந்தார். ஆனால் வீட்டு வாசற்படியை மிதித்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

அடுக்களையில் முந்தின நாள் நின்றவர்களே நின்றார்கள். முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே அரம் தேய்ந்துகொண்டிருந்தது. மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்றுமில்லை, வயிறு காலி, வீட்டுக் கணக்கு தப்பவில்லை என்றார். மகன் சனிக்கிழமை வருகிறான். இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்றார். கடைசிப் பெண்ணைப் பார்த்து, "நீயும் போற இடத்துல இதை மறந்துடாத" என்றார். டாக்டரம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை.

சின்னவள் நாத்தனாரிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மாமியாருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அத்தை, டாக்டர் சொன்னதை நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன். நடு நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள். நான் தப்பா எண்ணல. இத்தனை மாசமும் சரியா எண்ணித்தான் சாவு கிட்டப் போயிட்டு வந்திருக்கேன். அந்தச் சாதனத்தை வச்சுக்கிற வரைக்கும் நான் நாத்தனாரோட அறையில படுத்துக்கறேன். அவர் வந்தா சொல்லிடுங்க. இல்லன்னா நானே சொல்லிக்கறேன்."

"எதிர்த்துப் பேசறியா?"

"பயத்துல பேசறேன் அத்தை. எனக்கு உங்ககிட்ட இருக்கற பயத்தைவிடச் சாவுகிட்டப் பயம் ஜாஸ்தி."

அப்போது அடுப்படியிலிருந்து மூத்தவள் திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் முகத்தைப் பார்த்து அவள் பேசியதில்லை. அன்றும் அவள் பார்த்தது கரண்டியைத்தான்.

"நானும் தப்பா எண்ணல அத்தை. மூணாவதுக்கும் இல்ல, நாலாவதுக்கும் இல்ல, அஞ்சாவதுக்கும் இல்ல. எல்லாம் முள்ளு நின்ன நாள்ல வந்ததுங்க. பேச்சு வேற பக்கம் போயிடுமோன்னு பயந்து எண்ணத் தெரியாதவன்னு பேர் வாங்கிக்கிட்டேன்."

"அம்மா," என்றாள் கடைசிப் பெண். "நான் எதை மறக்கக் கூடாது? நீங்க சொல்றதையா, அண்ணிங்க சொல்றதையா?"

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்தார். நிற்க முடியாமல் அவர் உட்கார்ந்ததை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பிறகு, பாதி திறந்த கதவுக்கு அப்பால் இருந்த மாமனாரைப் பார்த்துப் பேசினார்.

"சின்னவன் வயித்துல வந்தப்ப உங்கம்மா என்னை இதே இடத்துல நிக்கவச்சுக் கேட்டாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. நீங்க சந்தையிலேருந்து வந்து முன்னறையிலதான் இருந்தீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அரம் நின்றது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாழ்நாளில் பொய் எடை சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"நேத்து உங்க பிள்ளை போன்ல அதையேதான் சொன்னான். ஒரு எழுத்து மாறல." மாமியார் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் அன்னிக்குத் தப்பா எண்ணல. முள்ளு நின்ன நாள்தான். எண்ணத் தெரியாதவன்னு ஒத்துக்கிட்டதாலதான் இந்த வீட்டுல இருக்கேன்."

நடு நாளில் கரு தங்காது, தங்கினால் அது இந்தக் குடும்பத்துடையது அல்ல என்பதுதான் இந்த வீட்டின் விதி. அப்படிப் பார்த்தால் சின்ன மகன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல. மூத்தவளின் பிள்ளைகளில் மூன்று பேர் அல்ல. பெயரைக் காப்பதற்காக வைத்த விதி, பெயர் சொல்ல இருந்தவர்களில் பாதிப் பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும். அவர்களை உள்ளே வைத்திருந்தது பெண்கள் சொன்ன பொய் மட்டும்தான்.

சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழந்தை கை நீட்டி மாமியாரின் வளையலைப் பிடித்து இழுத்தது.

வெள்ளிக்கிழமை பின்கட்டுக் கொடியில் சின்னவளின் துணி வந்தது. மாமியார்தான் முதலில் பார்த்தார். சனிக்கிழமை வந்த மகனிடம், படுக்கை முன்னறையில் தராசுகளோடு என்று அவரே சொன்னார். டாக்டர் உன்னையும் ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார். அவன் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, அப்புறம் பேசலாம் என்றான். திங்கட்கிழமை காலை, கடைகள் திறந்த பிறகும் அவன் தூங்கிக்கொண்டிருக்க, பெண்கள் கிளம்பிவிட்டார்கள்.

சாமான் அறை ஆணியில் கைத்தராசு இன்னும் தொங்குகிறது. அதில் நகை நிறுக்கிறார்கள்; மருமகள் யாரையும் அதன் முன்னால் நிறுத்துவதில்லை.

தராசுக்காரர் வீட்டுச் சின்ன மருமகளுக்கு வேறு யாராலோ கரு தங்கியது, மாமியார் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் கலைத்து, குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தையற்காரியின் ஜன்னலில் பிறந்த பேச்சு அது. சிலர் அதை மாமியாரின் சாமர்த்தியம் என்று பாராட்டவும் செய்கிறார்கள்.

அது தவறு. கரு தங்கவில்லை, எதுவும் கலைக்கப்படவில்லை. பின்வாசல் வழியாகப் போனது ஒருமுறைதான், அன்று நடந்தது சோதனை மட்டும். இரண்டாவது முறை போனது கருத்தடைச் சாதனம் வைத்துக்கொள்ள. அன்று போனது முன்வாசல் வழியாக, கடைத்தெரு திறந்திருந்த நேரத்தில். வைத்துக்கொண்டவர்கள் சின்ன மருமகளும் மூத்த மருமகளும். கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனது கடைசிப் பெண். எல்லாருக்கும் முன்னால் நடந்தது மாமியார்.